விலங்குகள் நாள் குறித்துப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

இந்தப் பருவம் முடிவை நெருங்கும் வேளையில், மழலையர் பிரிவுக் குழந்தைகளின் வளர்ச்சியைக் கண்டு மகிழ்கிறோம். விளையாட்டு விழாவில் எல்லோரும் உற்சாகத்துடன் பங்கேற்றனர்; ஓவியக் கண்காட்சியும் நல்ல முறையில் நடந்தேறியது; பருவத் தொடக்கத்தில் வாசலில் அழுதபடி நின்றவர்கள் இன்று காலணிகளைத் தாமே கழற்றி அடுக்கிவிட்டு வகுப்புக்குள் செல்கின்றனர். உடனிருந்து உதவிய உங்கள் அனைவருக்கும் நன்றி.

வரும் வெள்ளிக்கிழமை நடைபெறவுள்ள விலங்குகள் நாளுக்கான ஏற்பாடுகளை ஆசிரியைகள் தொடங்கிவிட்டனர். பொம்மை விலங்குகளைக் கால்களின் எண்ணிக்கைப்படி பிரித்து அடுக்குவது ஒரு செயல்பாடு. எறும்புக்கு ஆறு, சிலந்திக்கு எட்டு என்று எண்ணிப் பார்க்கும் குழந்தை, இரண்டையும் ஒரே கூடையில் போட முடியாது என்பதைத் தானே கண்டுகொள்ளும். ஒட்டகச்சிவிங்கியின் அவ்வளவு நீளமான கழுத்திலும் நம்முடையதைப் போலவே ஏழு எலும்புகள்தான் உள்ளன என்பதைத் தம் கழுத்தைத் தொட்டுப் பார்த்தபடி அறியப்போகிறார்கள். களிமண்ணில் காலடித் தடம் பதிப்பதும், தோட்டத்தில் எறும்புச் சாரையைத் தொடாமல் உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே கவனிப்பதும் உண்டு. கால்நடை மருத்துவர் ஒருவர் வந்து, வாய் பேசாத நோயாளியிடம் வலி எங்கே என்று தாம் எப்படிக் கண்டறிகிறார் என்பதை ஒரு துணிப்பொம்மையை வைத்துக் காட்டுவார்.

இந்த அறிவிப்பு வெளியானதிலிருந்து, வீட்டில் வளர்க்கும் பிராணிகளை அன்று பள்ளிக்குக் கொண்டுவரலாமா என்று பலர் கேட்டுள்ளீர்கள். குழந்தையின் ஆசையை நிறைவேற்ற வேண்டும் என்ற அன்பே இந்தக் கேள்விக்குக் காரணம் என்பதை நன்கு உணர்ந்திருக்கிறேன். ஆயினும் சென்ற ஆண்டு நடந்ததை நினைவூட்ட வேண்டியுள்ளது. முன்னறிவிப்பு ஏதுமின்றி அன்று காலை ஒரு முயலும், இரண்டு கோழிக்குஞ்சுகளும், ஒரு சிறிய ஆமையும் வகுப்பறைக்குள் வந்துவிட்டன. சில நிமிடங்களில் குழந்தைகள் அவற்றைச் சூழ்ந்துகொண்டனர். ஒரு குழந்தைக்குக் கையில் நகக்கீறல் ஏற்பட்டது. ஒவ்வாமை உள்ள இன்னொரு குழந்தைக்கு மூச்சிரைப்பு வந்து, பெற்றோரை அவசரமாக அழைக்க நேர்ந்தது. இருவரும் நலமடைந்தனர் என்றாலும், அந்த அரை மணி நேரத்தை நான் மறக்கவில்லை.

ஆமையும் கோழிக்குஞ்சும் பார்வைக்கு முழு ஆரோக்கியத்துடன் இருந்தாலும் சால்மோனெல்லா என்னும் கிருமியைச் சுமந்திருக்கக்கூடும். அந்தக் கிருமியால் கடும் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் ஏற்படலாம். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அபாயம் இன்னும் அதிகம், ஏனெனில் அவர்களின் நோய் எதிர்ப்புத் திறன் முழுமை பெற்றிருப்பதில்லை, தொட்ட கை அடுத்த நொடியே வாய்க்கும் போய்விடுகிறது. உரோமம் உதிராத பிராணி என்று சிலர் உறுதி கூறுகிறீர்கள். ஆனால் ஒவ்வாமையைத் தூண்டுபவை பிராணியின் உமிழ்நீரிலும் சிறுநீரிலும் தோல் செதில்களிலும் உள்ள புரதங்கள் என்பதால், உரோமம் உதிராதது மட்டும் பாதுகாப்பாகிவிடாது.

பிராணியின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சென்ற ஆண்டு வந்த முயல் அசையாமல் இருந்ததைப் பார்த்து, அது எவ்வளவு சாதுவாக இருக்கிறது என்று பலரும் வியந்தனர். ஆனால் முயல் அச்சத்தின் உச்சத்திலும் அப்படித்தான் உறைந்து அமர்ந்திருக்கும். தவறான விதத்தில் தூக்கும்போது அது பின்னங்கால்களை வேகமாக உதைத்தால் அதன் முதுகெலும்பே முறிந்துவிடக்கூடும். விலங்குகளை நேசிக்கக் கற்றுத்தரும் நாளில் ஒரு விலங்கு நடுங்கியபடி இருக்க நாமே காரணமாகலாமா?

எனவே, விலங்குகள் நாளன்று உயிருள்ள எந்தப் பிராணியையும், கூண்டிலோ தொட்டியிலோ வைத்துக்கூட, பள்ளி வளாகத்துக்குள் கொண்டுவர அனுமதி இல்லை. இதற்கு விதிவிலக்கு கிடையாது. கொண்டுவருவோர் வாசலிலிருந்தே திரும்பிச் செல்ல வேண்டியிருக்கும். குழந்தையின் கண்ணெதிரே அப்படி ஒரு நிலைமை உருவாவது குழந்தைக்குத்தான் வேதனை. வாசலில் நிற்கும் ஊழியர்கள் பள்ளியின் முடிவையே நடைமுறைப்படுத்துகின்றனர். சென்ற ஆண்டு அவர்களிடம் சிலர் குரலை உயர்த்திப் பேசியது எனக்கு மிகுந்த வருத்தத்தை அளித்தது. ஆட்சேபம் இருப்பின் நேராக என்னிடம் வாருங்கள்.

தம் முயலைப் பற்றியோ மீனைப் பற்றியோ சொல்லத் துடிக்கும் குழந்தைக்கு அன்று நிச்சயம் இடம் உண்டு. அதன் ஒளிப்படத்தையோ குழந்தை வரைந்த படத்தையோ கொடுத்தனுப்புங்கள். அது என்ன சாப்பிடும், எங்கே தூங்கும், தண்ணீர் மாற்றுவது யார் என்பதை முந்தைய நாள் இரவு குழந்தையுடன் பேசிவைத்தால், மறுநாள் வட்டமாக அமர்ந்து சொல்வதற்கு அதுவே போதும். விலங்கு வேடமிட்டு அனுப்ப விரும்புவோர் கண்களையும் மூக்கையும் மறைக்கும் முகமூடியைத் தவிர்த்து, காதுப்பட்டையோ துணிவாலோ அணிவித்து அனுப்பலாம்.

தோட்டத்திலும் களிமண்ணிலும் விளையாடிய பின் சோப்பிட்டு 20 விநாடிகள் கை கழுவவைப்போம். வீட்டிலும் இதே பழக்கத்தைத் தொடர வேண்டுகிறேன். உங்கள் குழந்தைக்கு ஒவ்வாமையோ, பொம்மை விலங்கைக் கண்டாலும் அஞ்சும் இயல்போ இருந்தால், புதன்கிழமைக்குள் வகுப்பாசிரியையிடம் எழுதித் தாருங்கள்.

களிமண் பிசையவும் அட்டை வெட்டவும் உதவுவதாக முன்வந்துள்ள பெற்றோர்களுக்கும், பொறுமையுடன் இக்கடிதத்தைப் படித்த உங்கள் அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. வெள்ளிக்கிழமை காலை உங்கள் குழந்தைகளை வரவேற்க வாசலில் காத்திருப்பேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்