மகனுக்கு, அந்த டிடாக்ஸ் பற்றி

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மகனுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய டிடாக்ஸ் பெட்டியின் படத்தைப் பெரிதாக்கி, பின்பக்கத்து எழுத்து முழுவதையும் வாசித்தேன். பகலில் பச்சைச் சாறு, இரவில் ஒரு தேநீர், உடம்பிலுள்ள நஞ்செல்லாம் வெளியேறிவிடும் என்று போட்டிருக்கிறார்கள். எந்த நஞ்சு என்று மட்டும் ஓரிடத்திலும் இல்லை. 2009இல் இங்கிலாந்தில் இளம் விஞ்ஞானிகள் சிலர் இப்படிப்பட்ட 15 பொருட்களை எடுத்து விசாரித்தார்கள். டிடாக்ஸ் என்றால் என்ன என்பதற்கு எந்த இரண்டு கம்பனியும் ஒரே பதிலைச் சொல்லவில்லை.

கழிவை வெளியேற்றுகிற வேலையை உன் உடம்பு பிறந்த நாள் முதல் செய்துகொண்டுதான் இருக்கிறது, மகன். இரண்டு கிட்னியும் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லீற்றர் நீரை இரத்தத்திலிருந்து வடித்து, வேண்டியதையெல்லாம் திரும்ப உள்ளே அனுப்பிவிட்டு, ஒன்றிரண்டு லீற்றரைத்தான் சலமாக வெளியே விடுகின்றன. உடம்பில் உண்டாகும் அமோனியா என்ற நஞ்சை யூரியா என்ற கழிவாக மாற்றிக் கிட்னிக்குக் கொடுப்பது ஈரல். தாதியாக வேலை செய்த காலத்தில் டயலிசிஸ் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றவள் நான். கிட்னி பழுதானவர்கள் அந்த மெஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்யக் கிழமைக்கு இரண்டு மூன்று தடவை வந்து, ஒவ்வொரு தடவையும் நாலு மணித்தியாலம் ஊசியோடு படுத்திருப்பார்கள். அப்படியிருந்தும் பக்கத்தில் நிற்கிற மனைவி தண்ணீரை மூடியில் அளந்துதான் வாயில் ஊற்றுவா. கிட்னி செய்வதை ஒரு போத்தல் சாறு செய்யும் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

மூன்று கிலோ குறைந்தது என்கிறாய். அதில் பெரும்பங்கு தண்ணீர். ஈரலிலும் தசையிலும் சேர்ந்திருக்கும் மாச்சத்து தன்னைப்போல் மூன்று மடங்கு நீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டைக் குறைத்தால் இரண்டும் சேர்ந்து போகும், சோறு சாப்பிடத் தொடங்கினால் இரண்டும் சேர்ந்து வரும். உடம்பு லேசாக இருக்கிறது என்றாயே, அதை நம்புகிறேன். பியரும் கடைப் பொரியலும் நின்றுபோனதால் வந்த சுகம் அது. அதற்கு அந்தப் பெட்டி தேவையில்லை.

எனக்குப் பயம் அந்தத் தேநீரில்தான். அதில் சென்னா இருக்கிறது. எங்கள் நாட்டு மருந்துக் கடையில் பேதிக்குக் கொடுக்கும் நிலாவரைதான் அது. நாள்தோறும் வயிறு போனால் நீரோடு பொட்டாசியமும் போகும், அது அளவுக்கு மேல் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். நீ பிரசருக்கு லோசாட்டன் எடுக்கிறவன். அந்த மாத்திரையோடு உடம்பில் நீர் வற்றினால் கிட்னிக்கு இரட்டை அடி. பச்சைச் சாறும் அப்படித்தான், பசளிக் கீரையைக் கறியாகச் சாப்பிட்டால் நல்லது, கட்டுக்கட்டாக அரைத்து நாள்தோறும் குடித்தால் அதிலுள்ள ஒக்சலேட் என்ற உப்பு கிட்னியில் போய்ப் படியும். நட்சத்திரப் பழச்சாறு குடித்துக் கிட்னி பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி இலங்கை வைத்தியர்களே எழுதியிருக்கிறார்கள்.

அம்மம்மா லீவு நாளில் பேதிக்குத் தரவில்லையா என்று நீ கேட்பாய். தந்தா, பூச்சி போகட்டும் என்று. இப்போது அதற்குப் பூச்சி மாத்திரை இருக்கிறது. மண்டூர் முருகனை நினைத்துக் கந்தசஷ்டிக்கு நான் ஆறு நாளும் விரதம் இருக்கிறேன், உயிர் உள்ளவரை இருப்பேன். அது அவருக்காக. ஈரலைக் கழுவ என்று ஒருநாளும் இருந்ததில்லை.

சரி, இவ்வளவுக்கும் காரணம் உன் களைப்புத்தானே? இரவு வேலை முடித்து வந்து நாலு மணித்தியாலம் படுக்கிறவனுக்குக் களைக்காமல் என்ன செய்யும்? ஆனால் அதோடு விடாதே. குடும்ப வைத்தியரிடம் போய் இரத்தத்தில் சீனி, ஹீமோகுளோபின், தைரொயிட், கிட்னிக்குக் கிரியற்றினின், ஈரல் சோதனை எல்லாம் செய்யக் கேள். தேநீர் குடித்ததையும் மறைக்காமல் சொல்லு. ஸ்காபரோ தமிழ்க் கடையில் முருங்கையிலையும் குரக்கன் மாவும் இருக்கும், வறையும் புட்டும் செய்ய உனக்குத் தெரியும்தானே.

தேநீரை இன்றைக்கே நிறுத்து. நெஞ்சு படபடப்பு, தலைச்சுற்று, சலம் குறைவாகப் போவது எது இருந்தாலும் நாள் குறித்துக்கொண்டு நிற்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போ. ரிப்போர்ட் வந்ததும் எனக்குப் படம் எடுத்து அனுப்பு, இங்கே நடுச்சாமம் என்றாலும் பார்ப்பேன்.

அன்புடன்,
அம்மா