உறை ஊற்றுவது பற்றிக் கேட்டாயே

பாப்பா,

ஒரு லிட்டர் பாலுக்கு எவ்வளவு உறை ஊற்ற வேண்டும் என்று கேட்டிருந்தாய். ஒரு ஸ்பூன் போதும் என்று அன்றைக்கே பதில் போட்டேன். நீ ஒரு கட்டைவிரலும், அப்புறம் தயிர் உறைந்துவிட்டது என்று ஒரு படமும் அனுப்பியதோடு சரி, ஆளையே காணோம். பகலில் போன் போட்டால் மீட்டிங், ராத்திரி போட்டால் தூக்கம். வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக அனுப்பினால் அவள் படிக்க மாட்டாள், மொத்தமாக எழுதி அனுப்பு என்று அப்பாதான் சொன்னார். நீளமாக இருக்கிறதே என்று பாதியில் விட்டுவிடாதே, மாத்திரை சமாச்சாரம் நடுவில் இருக்கிறது.

நீ தயிர் பற்றிக் கேட்டது எனக்கு ஆச்சரியம்தான். தயிர்ச்சோறு என்றாலே தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிற பிள்ளை நீ. டப்பாவில் கட்டிக் கொடுத்தால் மூடி திறக்காமல் அப்படியே திரும்பி வரும். காப்பிக்கு அரை லிட்டர் பாக்கெட் வாங்கினால் இரண்டு நாளைக்கு ஓடுகிறது என்று போன மாதம்தான் சொன்னாய். இப்போது ஒரு லிட்டர், அதுவும் தயிருக்கு. சரி, அது இருக்கட்டும். ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டு வயிறு கெட்டுப்போன ஃப்ரெண்டுக்கு என்று போட்டிருந்தாய். அவங்களுக்காகவே எழுதுகிறேன்.

முதலில் தயிர். பாலை நன்றாகக் காய்ச்சி ஆற வை. விரலை வைத்தால் சூடு தெரிய வேண்டும், சுடக் கூடாது, நாற்பது நாற்பத்தைந்து டிகிரி என்று வைத்துக்கொள். அதற்கு மேல் ரொம்பச் சூடாக இருந்தால் உறையில் இருக்கும் பாக்டீரியா செத்துவிடும், ரொம்ப ஆறிப்போனால் அது வேலையே செய்யாது. மார்கழியில் பெங்களூரிலும் குளிர்தானே, அதனால் உறை ஊற்றிய பாத்திரத்தைச் சும்மா மேடையில் வைக்காதே. இங்கே தாண்டிக்குடியில் இந்த மாதம் முழுக்க நான் துண்டைச் சுற்றி அரிசி டிரம்முக்குள் இறக்கித்தான் வைக்கிறேன். காலையில் எடுத்தால் துண்டெல்லாம் அரிசி ஒட்டிக்கொண்டு வரும், அதைத் தட்டி உதறுவது அப்பா வேலை. பூம்பாறை அத்தை ஹாட்பாக்ஸில் வைக்கிறாள். நீயும் அப்படிச் செய், நீ வாங்கிய அந்த ஆரஞ்சு ஹாட்பாக்ஸ் சும்மாதானே கிடக்கிறது.

உறைந்ததும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடு. அன்றைக்கோ மறுநாளோ சாப்பிட்டுவிட வேண்டும். ரொம்ப முக்கியம், கொதிக்கக் கொதிக்கச் சோற்றைப் போட்டு அதன் தலையில் தயிரை ஊற்றாதே. நீ எதையும் ஆறவிட மாட்டாய், அதனால்தான் சொல்கிறேன். சோறு ஆறின பிறகுதான் தயிர். மோர்க்குழம்பு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கொதித்த மோரில் உயிரோடு ஒன்றும் மிஞ்சாது.

மாத்திரை அட்டையைப் படம் எடுத்து அனுப்பினாயே, அது சிப்ரோஃப்ளாக்சசின். ரிட்டையர் ஆகும் வரைக்கும் இந்த மலையில் நர்ஸம்மாவாக அலைந்தவள் நான், அதைக்கூடவா படிக்கத் தெரியாது. அந்த மாத்திரையைப் பாலோடும் தயிரோடும் சேர்த்து விழுங்கக் கூடாது. பாலில் இருக்கும் கால்சியம் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் முழுசாக ஏறாது. காலையில் எட்டு மணிக்கு மாத்திரை என்றால் தயிரை மதியச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லு, ராத்திரி எட்டு மணிக்கு அடுத்த மாத்திரை, அப்போது இடைவெளி சரியாக இருக்கும். வயிறு சரியாகிவிட்டது என்று கோர்ஸைப் பாதியில் நிறுத்தவும் கூடாது, டாக்டர் எத்தனை நாள் சொன்னாரோ அத்தனை நாள்.

ஆன்டிபயாட்டிக் கெட்ட கிருமியை மட்டும் பார்த்துப் பொறுக்கிக் கொல்லாது. குடலில் நமக்கு வேலை செய்கிற பாக்டீரியாவும் சேர்ந்து போகும், அதனால்தான் சிலருக்குப் பேதியாகிறது. தயிரில் இருக்கும் லாக்டோபேசில்லஸ் வகையறா அந்த நேரத்துக்குக் கொஞ்சம் கைகொடுக்கும். வயிறு கெட்டிருக்கும்போது பால் சேராதவர்களுக்குக்கூடத் தயிர் சேரும், பாலில் இருக்கும் சர்க்கரையில் ஒரு பங்கை அந்த பாக்டீரியாவே தின்று புளிப்பாக்கிவிடுவதால். ஆனால் தயிர் சாப்பிட்டால் எல்லா வியாதியும் ஓடிப்போகும் என்று யூடியூப்பில் ஒருத்தர் கத்துகிறாரே, அதை நம்பாதே. இது நூறு வருஷத்துக்கு முந்திய ஆசை. மெச்னிகாஃப் என்று அன்றைய ரஷ்யப் பேரரசில் பிறந்த ஒரு விஞ்ஞானி, பாரிஸில் இருந்துகொண்டு, பல்கேரியாக் கிராமத்து ஜனங்கள் ரொம்ப வருஷம் வாழ்வது புளித்த பாலால்தான் என்று சொன்னார். 1908இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அது நோய் எதிர்ப்பு பற்றிய ஆராய்ச்சிக்கு, தயிருக்கு இல்லை. தயிர்ச் சமாச்சாரத்தில் பாதியாவது உண்மை என்று நான் நினைக்கிறேன்.

இட்லி கொடுக்கலாமா என்றும் கேட்டிருந்தாய். தாராளமாகக் கொடு. ஆனால் ப்ரோபயாடிக் என்று கணக்கில் சேர்க்காதே. மாவு பொங்குகிற வரைக்கும் அதில் உயிர் இருக்கிறது, இட்லிப் பானையில் ஆவி ஏறினதும் போச்சு. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் 2001இல் கூடி, ப்ரோபயாடிக் என்றால் அந்தக் கிருமி உயிரோடு இருக்க வேண்டும், போதுமான அளவு உள்ளே போக வேண்டும், அதனால் உடம்புக்கு நன்மை இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கணக்கில் இட்லி வராது. ஆனாலும் புளித்த மாவு லேசில் செரிக்கும், நோயாளிக்கு அதுதான் வேண்டும். மலையில் மாவு பொங்க வைப்பது எவ்வளவு பாடு என்று உனக்குத் தெரியும், அங்கே உனக்கு அந்தக் கஷ்டம் இல்லை, பாக்கெட் மாவு வாங்காமல் நீயே அரைக்கலாம். கிரைண்டர் வாங்கிக் கொடுத்து அது அட்டைப்பெட்டியிலேயே இருக்கிறது.

பழைய சோறும் நல்லதுதான். நம் ஊரில் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் இன்னமும் அதைத்தான் குடித்துவிட்டுப் போகிறார்கள். சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரி டாக்டர்களே அதை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். ஆனால் வயிறு கெட்டிருக்கிறவங்களுக்கு இப்போது வேண்டாம், தேறட்டும். நீ குடிப்பதானால் ராத்திரி வடித்த சோறு ஆறினதும் தண்ணீர் ஊற்றி மூடி வை. மத்தியானத்திலிருந்து வெளியே கிடந்த சோற்றில் ராத்திரி தண்ணீர் ஊற்றுகிற சோம்பேறித்தனம் வேண்டாம். அரிசியில் இருக்கும் சில கிருமியின் விதை வேகவைத்தாலும் சாகாது, சோறு அப்படியே கிடந்தால் அது முளைத்து விஷமாக்கிவிடும்.

இப்போதைக்கு அவங்களுக்கு மோர்தான். ஒரு கை தயிருக்கு மூன்று பங்கு தண்ணீர், உப்பு, இஞ்சியைத் தட்டிப் போட்டுக் கறிவேப்பிலை கிள்ளிப் போடு. பச்சை மிளகாய் வேண்டாம். பேதி நிற்காவிட்டால் ஓஆர்எஸ் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். மலத்தில் ரத்தம், காய்ச்சல், ஒன்றுக்குப் போவது குறைவது, இதில் எது இருந்தாலும் தயிர் மோர் என்று உட்கார்ந்திருக்காமல் டாக்டரிடம் கூட்டிப் போ. ராத்திரியானாலும் கூட்டிப் போ. பக்கத்தில் நீதானே இருக்கிறாய்? இல்லை, தெரியாமல்தான் கேட்கிறேன்.

அப்புறம், தயிர் உறைந்துவிட்டது என்று படம் அனுப்பினாயே, அதில் பாத்திரத்துக்குப் பின்னால் அலமாரியில் ஒரு பெரிய ஊறுகாய் ஜாடி இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன், கொட்டையோடு வெட்டின மாங்காய், மேலே சிவப்பாக எண்ணெய். ஆவக்காய் மாதிரி தெரிந்தது. நம் வீட்டில் அதை யாரும் தொடுவதில்லை, நீயும் எலுமிச்சைதான் கேட்பாய். வீட்டில் போட்டு அனுப்பின ஜாடி, கடையில் வாங்கினது இல்லை, துணி கட்டியிருந்த விதத்திலேயே தெரிகிறது. அவங்க அம்மா நன்றாகப் போடுவார்கள் போல. ஆனால் ஊறுகாய் புளிக்கிறதே, அதுவும் வயிற்றுக்கு நல்லதுதானே என்று நினைக்காதே. அதில் உப்பும் எண்ணெயும் காரமும்தான் அதிகம், அதை நம்பி ப்ரோபயாடிக் கணக்குப் போட முடியாது. வயிறு ஆறுகிற வரைக்கும் அந்த ஜாடியை மேல் தட்டில் ஏற்றி வை. பருப்பும் நெய்யும் ஆவக்காயும் இல்லாமல் சோறு இறங்காது என்று அடம்பிடித்தால் நான் சொன்னேன் என்று சொல்லு.

அவங்களுக்கு வயசு என்ன, வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறார்களா, சர்க்கரை உண்டா, பால் சேருமா, எந்த ஊர்ச் சாப்பாடு பழக்கம், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள். எல்லா நோயாளியிடமும் நான் கேட்கிற கேள்விதான், வேறு எதுவும் நினைக்காதே. பதில் போட்டால் சரியாகச் சொல்ல முடியும்.

அப்பாவுக்கு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, ஊறுகாய் ஜாடியைப் பற்றியா? காப்பிப் பழம் பறிக்க ஆள் கிடைக்காமல் காலையிலிருந்து ராத்திரி வரை அதே புலம்பல். காட்டுமாடு இறங்கி மேல் தோட்டத்து வாழையை மிதித்துவிட்டது. அதெல்லாம் நேரில் பேசலாம். தெருவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் என் மகள் தனியாக வீடு எடுத்து, தன் சம்பளத்தில் தம்பியைப் படிக்க வைக்கிறாள் என்றுதான் அவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் கோபக்காரர் மாதிரி தெரிவார், உனக்கே தெரியும், அரை நாள்தான். ஆனால் வெளியாள் யாராவது வந்து சொல்லி அவருக்குத் தெரிந்தால் அந்த அரை நாள் அரை வருஷமாகிவிடும்.

தீபாவளிக்கு வந்து இரண்டே நாளில் ஓடிவிட்டாய். அதிலும் பாதி நேரம் போனோடு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாய். பொங்கலுக்கு அப்படிச் செய்யாதே. மலைப்பழம் ஒரு தார் உனக்கென்று வெட்டாமல் விட்டு வைத்திருக்கிறேன். அத்தை மலைப்பூண்டு கொடுத்திருக்கிறாள், 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து அந்தப் பூண்டைப் பற்றிப் பேசாமல் அவளுக்கு ஒரு நாள் போவதில்லை. குடலில் இருக்கும் பாக்டீரியாவுக்குப் பழத்திலும் பூண்டிலும் வெங்காயத்திலும் இருக்கும் நார்தான் சாப்பாடு, தயிரை மட்டும் ஊற்றிவிட்டு அதைப் பட்டினி போடக் கூடாது. சூடான சோற்றில் தயிர் போடாதே.

வத்தலக்குண்டு வரைக்கும் பஸ்ஸில் வந்துவிடு. அங்கிருந்து பட்டிவீரன்பட்டி வழியாக அப்பா ஜீப்பில் கூட்டி வருவார். பின் சீட்டில் காப்பி மூட்டை ஏற்றலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார், ஒரு ஆள்தானே வருகிறாள் என்று. இரு, கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். எத்தனை சீட் வேண்டும் என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடு.

அம்மா