முப்பது மீட்டர் கயிறு

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதமும் கேழ்வரகு மாவும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. கருவாட்டுக் குழம்புக்குக் களிதான் பொருத்தம் என்பது இந்த வயதில்தான் எனக்குத் தெரிகிறது. உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? எனக்குத் தரையில் நடக்க ஒன்றும் தொல்லை இல்லை, மாடிப்படிதான் பகை. அது தெரிந்தாற்போல் இந்த ஆண்டு ஏழாம் வகுப்பை மாடிக்கு ஏற்றிவிட்டார்கள்.

"நீ கடற்கரையில் இருக்கிறாய், திமிங்கலத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பது உனக்கு எளிது. ஒகேனக்கலைத் தாண்டித் தண்ணீர் பார்க்காத என் பிள்ளைகளுக்கு நான் எதைக் காட்டுவது?" என்று கேட்டிருந்தாய். எனக்கு எளிது என்று யார் சொன்னது? உன் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது, அது ஒரு வசதி. என் பிள்ளைகளுக்கு என்னைவிட அதிகம் தெரியும்.

நான் இங்கே மாற்றலாகி வந்த புதிதில் கரும்பலகையில் ஒரு திமிங்கலம் வரைந்தேன். தலையில் நீரூற்றுப் போலத் தண்ணீர் பீய்ச்சுகிற மாதிரி. நாம் படித்த புத்தகத்தில் அப்படித்தானே இருந்தது? கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "டீச்சர், அது தண்ணீர் இல்லை, மூச்சு. பக்கத்தில் போனால் மீன் அழுகிய நாற்றம் அடிக்கும் என்று அப்பா சொல்லியிருக்கிறார்" என்றான். அவன் சொன்னதுதான் சரி. நுரையீரலிலிருந்து வேகமாக வெளிவரும் சூடான காற்றும் நீர்த்திவலைகளும்தான் அந்த ஊற்று. அன்றிலிருந்து பாடத்தைத் தொடங்குமுன் "உங்கள் வீட்டில் என்ன சொல்கிறார்கள்?" என்று கேட்டுவிடுகிறேன். ஓங்கில் (டால்பின்) கூட்டம் போகிற பக்கம் மீன் இருக்கும் என்பார்கள். அதே ஓங்கில் வலையைக் கிழித்துவிட்டுப் போனதையும் சொல்வார்கள். டால்பின் என்றால் புத்தகம், ஓங்கில் என்றால் அப்பா.

2016 ஜனவரியை நீ மறந்திருக்க மாட்டாய், அப்போது உன்னிடம் தொலைபேசியில் அழுதேன். பத்து ஆண்டு ஆகிவிட்டது. பொங்கலுக்கு மூன்று நாள் இருக்கும்போது, இங்கே திருச்செந்தூர்ப் பக்கம் மணப்பாட்டிலிருந்து ஆலந்தலை வரைக்கும் கரையெல்லாம் பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கின. எண்பதுக்கும் மேல். தார் பூசியது போன்ற கறுத்த முதுகும் உருண்டைத் தலையுமாக அலைவாய்க்கரையில் கிடந்தன. யாரும் கூப்பிடாமலே ஆண்கள் இறங்கினார்கள். வாலில் கயிறு கட்டிப் படகால் ஆழத்துக்கு இழுத்துக்கொண்டு போய் விட்டார்கள். விட்டுவிட்டுத் திரும்பினால், அவர்களுக்கு முன்னால் அது கரைக்கு வந்து கிடக்கிறது. இரவெல்லாம் இதே கதை. கடைசியில் 45 உயிர்கள் போய்விட்டன. குழி வெட்டி அந்த மணலிலேயே புதைத்தார்கள். 1973 ஜனவரியிலும் இதே மன்னார் வளைகுடாக் கரையில் 147 பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கின. அதுவும் பொங்கல் சமயம்தான். ஊரில் வயதான பெண்கள் இரண்டையும் சேர்த்துச் சொல்லும்போது எந்த ஆண்டு எது என்று பிரிக்க முடியாது.

இப்போது ஏழாம் வகுப்பில் இருப்பவர்கள் அன்று கைக்குழந்தைகள். ஆனாலும் கதை வீட்டில் இருக்கிறது. "ஏன் திரும்பத் திரும்பக் கரைக்கே வந்தன?" என்று ஆண்டுதோறும் ஒரு பிள்ளையாவது கேட்கும். ஒன்று தடுமாறினால் மற்றவை அதை விட்டுப் போகாத இனம் அது என்பேன். தாய்வழிக் குடும்பம், பாட்டி, மகள், பேத்தி என்று சேர்ந்தே திரியும். (உனக்கு ஒரு செய்தி: இந்தப் பைலட் திமிங்கலப் பெண்களுக்கும் நம்மைப்போல மாதவிடாய் நின்றபின் பல ஆண்டு வாழ்வு உண்டு. பாலூட்டிகளில் மனிதர்களைத் தவிர்த்தால் இப்படி உள்ளவை பெரும்பாலும் சில பல் திமிங்கல இனங்கள்தான். ஒரு கிழவி கூட்டத்துக்குப் பயன்படுகிறாள் என்று இயற்கையே ஒப்புக்கொண்டிருக்கிறது. தலைமை ஆசிரியரிடம் இதைச் சொல்லித்தான் மாடி வகுப்பைக் கீழே இறக்கச் சொல்லப்போகிறேன்.)

இனி என் கோபத்தைச் சொல்கிறேன். சென்ற ஆண்டு வெளியூரிலிருந்து ஒரு குழு வந்தது. நல்ல பிள்ளைகள், படித்தவர்கள். திரை கட்டிப் படம் காட்டினார்கள். வலையில் சுற்றிய திமிங்கலம், வலையில் சுற்றிய ஆமை, வலையில் சுற்றிய ஓங்கில். முடிந்ததும் "கடலைக் காப்போம்" என்று உறுதிமொழி எடுக்க வைத்தார்கள். பிள்ளைகளும் கையை நீட்டிக்கொண்டு சொன்னார்கள். அன்று மதியம் ஒருத்தி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். என்னவென்று கேட்டால், "டீச்சர், அப்பா வலையில் பெரிய மீன் மாட்டினால் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களா?" என்கிறாள். அவர்கள் காட்டிய படங்களில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் இந்தக் கரையில் அந்தப் படத்தில் இருக்கும் வலைக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார், அவர் மகள் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். 2016இல் இரவெல்லாம் கயிறு கட்டித் திமிங்கலத்தை இழுத்ததும் அதே கைதான் என்று ஒரு படம் காட்டியிருக்கலாமே? கொச்சிக்கு அப்பால் 2025 மே மாதம் மூழ்கிய கப்பலிலிருந்து ஜவ்வரிசி போன்ற பிளாஸ்டிக் மணிகள் மிதந்து கன்னியாகுமரிக் கரை வரைக்கும் ஒதுங்கினவே, அது எந்த மீனவர் கொட்டியது?

குஜராத்தில் இதையே வேறு விதமாகச் செய்தார்கள். வெராவல், போர்பந்தர் கடலில் திமிங்கலச் சுறாவை ஈரலெண்ணெய்க்காகவும் இறைச்சிக்காகவும் கொன்றுகொண்டிருந்தார்கள். பெயரில் திமிங்கலம் இருந்தாலும் அது மீன். உலகிலேயே பெரிய மீன். அங்கே அதன் பெயர் "பேரல்", ஈட்டி எறிந்தபின் மிதக்கப் பீப்பாய்களைக் கட்டுவார்களாம். 2001இல் வனவிலங்குச் சட்டத்தில் அதைச் சேர்த்தார்கள். சட்டம் வந்ததே பல மீனவர்களுக்குத் தெரியாது. 2004 வாக்கில் கதாகாலட்சேபம் செய்யும் மொராரி பாபுவைக் கொண்டு ஒரு வார்த்தை சொல்ல வைத்தார்கள்: இது பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள், மகளைக் கொல்லலாமா? "வஹாலி", அன்பானவள், என்று பெயர் மாறியது. ஊர் ஊராக அதை நாடகமாகப் போட்டார்கள், பள்ளிப் பிள்ளைகளிடமும் கொண்டு போனார்கள். அதோடு நிற்காமல், சுறாவை விடுவிக்க வலையை அறுத்தால் வலைக்கு அரசு இழப்பீடு தரும் என்று ஏற்பாடும் செய்தார்கள். அறுத்து விட்டதைப் படம் பிடித்துக் காட்டினால் பணம். அதற்குப் பிறகு பல நூறு சுறாக்கள் அங்கே தப்பியிருக்கின்றன.

எனக்கு இதில் பிடித்தது மகள் என்ற உருவகம் மட்டும் இல்லை, அந்த வலைக்காசு. "உன் அப்பா வலை என்னவாகும்?" என்பதற்குப் பதில் இல்லாமல் இந்தப் பாடத்தை என் வகுப்பில் நடத்த முடியாது. இப்போது பாக் நீரிணைப் பக்கம் கடற்பசுவை உயிரோடு விடுவிக்கிற மீனவர்களுக்கு வனத்துறை ஊக்கத்தொகை தருகிறது. 2022இல் அதற்கென்று 448 சதுர கிலோமீட்டர் காப்பகமும் அறிவித்தார்கள். இதையெல்லாம் சொன்ன பிறகுதான் அந்தப் பெண் சாப்பிட்டாள் என்று எழுத ஆசைதான். அவள் சாப்பிட்டது மறுநாள், அவள் அப்பாவே பள்ளிக்கு வந்து திமிங்கலச் சுறாவை இங்கே "அம்மணி உழுவை" என்று சொல்வார்கள் என்று வகுப்பில் பேசிய பிறகு. அம்மணி! குஜராத்காரர்கள் அத்தனை பாடுபட்டு வைத்த பெயர் நம் பெரியவர்கள் வாயில் சும்மா கிடக்கிறது.

சரி, உனக்குப் பயன்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். நீலத் திமிங்கலம் 30 மீட்டர் என்று சொன்னால் பிள்ளைகள் தலையாட்டுவார்கள். அவ்வளவுதான். நான் ஒரு பையன் வீட்டிலிருந்து 30 மீட்டர் கயிறு வாங்கி வரச் சொன்னேன். வால் நுனியை வகுப்புச் சுவரில் பிடித்துக்கொண்டு நீட்டினோம். மைதானம் முடிந்தது, கேட் முடிந்தது, மூக்கு தேநீர்க் கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தது. அங்கே இருந்தவர்கள் எழுந்து இடம் விட்டார்கள். நம் பக்கத்து நீலத் திமிங்கலம் தென்துருவத்து இனத்தைவிடச் சில மீட்டர் குட்டை என்று சொன்னதும் ஒருத்திக்கு முகம் வாடிவிட்டது.

மறுநாள் இதயம். ஆழத்தில் மூழ்கும்போது அதன் இதயம் நிமிடத்துக்கு இரண்டு முறை மட்டும் துடிக்கும் அளவுக்குக்கூட இறங்குவதைக் கலிபோர்னியாக் கடலில் ஒரு திமிங்கலத்தின் மேல் கருவியை ஒட்டி அளந்திருக்கிறார்கள். தண்டவாளத் துண்டு மணியை ஒருவன் ஒருமுறை அடித்தான். முப்பது நொடி எல்லோரும் சும்மா இருக்க வேண்டும். பிறகு அடுத்த அடி. நாற்பது பிள்ளைகள் முப்பது நொடி பேசாமல் இருந்ததை என் பணிக்காலத்தில் அன்றுதான் கண்டேன். அலைச் சத்தம் மாடி வரை கேட்டது. இரண்டாவது அடிக்குக் கீழ் வகுப்புகளெல்லாம் இடைவேளை என்று நினைத்து வெளியே ஓடிவிட்டன. அதற்கு விளக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மணியை நீ தொடாதே, தட்டை எடுத்துக்கொள்.

இன்னொன்று, மலம். சிரிக்காதே, பிள்ளைகள் இதற்குத்தான் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், பிறகு மறக்கவே மாட்டார்கள். இலங்கைக் கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ் 2003இல் தன் நாட்டுக் கடலில் ஆறு நீலத் திமிங்கலங்களை ஒன்றாகப் பார்த்தார். நீர்மேல் சிவந்த மலம் மிதந்தது. குளிர்க்கடலில் தின்று வெதுவெதுப்பான கடலில் பட்டினி கிடப்பவை என்றுதான் அதுவரை படித்திருக்கிறார். தின்னாமல் மலம் ஏது? அந்தக் கேள்வியே அவருக்கு வாழ்நாள் வேலை ஆகிவிட்டது. அங்கே அவை தின்பது நம் சென்னாக்கூனி இனத்துச் சிறு இறாலை. "நாங்கள் தின்பதைத்தான் அதுவும் தின்கிறதா!" என்று என் வகுப்புக்கு ஒரே பெருமை. அந்த மலம் கடலுக்கு உரம். அதிலுள்ள இரும்பில் நுண்பாசி செழிக்கும். தெற்கு இலங்கையை ஒட்டிப் போகிற கப்பல்கள் அவற்றின் மேல் மோதுவதைப் பற்றி அவரும் பிறரும் பல ஆண்டு பேசி, 2022இல் பெரிய கப்பல் நிறுவனம் ஒன்று தன் தடத்தைத் தெற்கே தள்ளிக்கொண்டது. உன் பிள்ளைகளுக்குச் சாணி உரம் தெரியும். அங்கிருந்து தொடங்கு. எனக்கு அந்த வசதி இல்லை, இங்கே மணல்.

நாளிதழில் "திமிங்கல வாந்தி பறிமுதல்" என்று வருமே, அதை வெட்டி வைத்துக்கொள். ஸ்பெர்ம் திமிங்கலம் தின்ற கணவாயின் செரிக்காத அலகுகளைச் சுற்றிக் குடலில் திரளும் மெழுகு அது. வாந்தி என்பது பத்திரிகைக்காரர்கள் பழக்கம். வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். உன் ஊரில் அது வெறும் பொது அறிவு. இங்கே, கரையில் கிடைத்தால் கோடீஸ்வரன் என்று நம்புகிற வீடு உண்டு, அதனால் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கயிற்றைச் சுருட்டிப் பஸ் பார்சலில் போட்டிருக்கிறேன். 5 மீட்டரில் சிவப்புத் துணி, அது பைலட் திமிங்கலம். 12 மீட்டரில் மஞ்சள், அம்மணி. கயிறு முழுவதும் சேர்ந்தால் நீலத் திமிங்கலம். கொஞ்சம் மீன் வாடை அடிக்கும், துவைத்துவிடாதே, அதுவும் பாடத்தில் சேர்த்தி. உன் பிள்ளைகள் அதன் மூக்கு எங்கே போய் முடிந்தது என்று என் பிள்ளைகளுக்கு எழுதட்டும். தேநீர்க் கடையா, புளியமரமா, யார் வீட்டுத் திண்ணையா என்று இங்கே பந்தயம் நடக்கிறது. தடைக்காலம் முடிந்து விசைப்படகு இறங்கும்போது கயிறு அந்தப் பையனின் அப்பாவுக்கு வேண்டும். ஜூன் 10க்குள் அனுப்பிவிடு.

உன்,
தெரசா