மகளே, தாத்தாவின் ஹாட் டிஸ்கை போர்மட் செய்ய விடாதே

அன்புள்ள மகளுக்கு,

நேற்றிரவு நீ போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. தாத்தாவின் கொம்பியூட்டரை பண்டாரவளை டவுனில் ஒரு கடையில் காட்டினாயாம். "உள்ளே எல்லாம் பழுதான பைல், திறந்தாலும் கண்டபடி எழுத்துதான் வருகிறது, போர்மட் பண்ணித் தாறேன்" என்றார்களாம். போர்மட் என்றால் உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்துவிடுவது. சனிக்கிழமை வரை பொறுக்கச் சொல்லிவிட்டு வந்தாய் பார், அதற்கே உனக்குக் கோடிப் புண்ணியம். இதை எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன். ஓய்வுபெற்ற கிளாக்கர்மார், டீச்சர்மார் வீடுகளில் அலுமாரிக்கு மேலே பிளாஸ்டிக் உறை போட்டபடி இப்படி எத்தனை பெட்டிகள் கிடக்கின்றனவோ.

அவை பழுதான பைல்கள் இல்லை, மகள். சுருக்கிக் கட்டி வைத்த மூட்டைகள். அதில் சில மூட்டைகளைக் கட்டியவன் நான்.

1998இல் நான் ஹட்டனில் கொம்பியூட்டர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். அப்பாயி, அதாவது உன் பூட்டி, அப்போது எண்பதைத் தாண்டியிருந்தார். பொகவந்தலாவைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்து அவர் ஒரு ஒப்பாரி பாடுவார். அவருடைய அம்மா சின்னப் பிள்ளையாக மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்த கதை அது. வழியில் செத்தவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வரும். தாத்தா ஒரு மைக் வாங்கி வந்து அதைக் கொம்பியூட்டரில் பதிந்தார். மொத்தம் ஆறு நிமிடம்.

அந்த ஆறு நிமிடத்தை எப்படி ஹட்டனுக்குக் கொண்டுபோவது? அப்போது பைல்களைக் கொண்டுபோக இருந்தது பிளொப்பி என்ற சின்னச் சதுரத் தட்டு. ஒரு பிளொப்பியில் 14,74,560 பைட் கொள்ளும். நாங்கள் பதிந்த தரத்தில் ஒரு விநாடிக் குரலுக்கு 11,025 பைட். கணக்குப் பார், ஒரு பிளொப்பியில் இரண்டே கால் நிமிடம்கூட முழுசாக அடங்காது. ஆறு நிமிடமோ ஏறக்குறைய 40 இலட்சம் பைட். அதனால்தான் ஏ.ஆர்.ஜே. தேவைப்பட்டது. ரொபர்ட் ஜங் என்ற அமெரிக்கர் எழுதிய புரோகிராம் அது. பெயரில் உள்ள ஆரும் ஜேயும் அவருடைய பெயரின் முதலெழுத்துகள். சுருக்குவதோடு, பெரிய பைலைத் துண்டு போட்டு ஒவ்வொரு பிளொப்பியிலும் ஒவ்வொன்றாக நிரப்பித் தரும். முதல் துண்டின் பெயர் ஏ.ஆர்.ஜே. என்று முடியும், அடுத்தது ஏ01, அதற்கடுத்தது ஏ02. குரல் பைல் அவ்வளவாகச் சுருங்காது, ஆனாலும் மூன்று பிளொப்பிக்குள் அடக்கிவிட்டேன்.

அந்த மூன்று பிளொப்பிகளும் இந்த வருடம் என் கைக்கு வந்தன. தகரப் பெட்டிக்குள் வைத்திருந்தும் மலைநாட்டு ஈரம் விட்டுவைக்கவில்லை. பிளொப்பியின் உலோக மூடியை விரலால் தள்ளிவிட்டு, பின்பக்கத்து வட்டத் தகட்டை மெல்லச் சுற்றிப் பார்த்தேன். இரண்டில் கறுப்புத் தாள் பளபளவென்றிருந்தது. மூன்றாவதில் சாம்பல் தூவியது போல் பூஞ்சணம். பூஞ்சணம் பிடித்ததை ட்ரைவில் போட்டால் அது வாசிக்கும் தலையிலும் ஒட்டி, அடுத்து போடுகிற நல்ல பிளொப்பியையும் கீறிவிடும். ஆகவே நல்ல இரண்டையும் முதலில் பிரதி எடுத்துவிட்டுத்தான் மூன்றாவதைத் தொட்டேன்.

என்னுடைய இப்போதைய கொம்பியூட்டரில் பழைய ஏ.ஆர்.ஜே. ஓடவே ஓடாது. 64 பிட் விண்டோஸ், விண்டோஸுக்கு முந்திய டொஸ் காலத்து 16 பிட் புரோகிராம்களை ஏற்பதில்லை. டொஸ்பொக்ஸ் என்ற இலவசப் புரோகிராம் இருக்கிறது, அது கொம்பியூட்டருக்குள்ளேயே ஒரு பழைய கொம்பியூட்டரை உண்டாக்கித் தரும். அதற்குள் ஏ.ஆர்.ஜே.யை ஓடவிட்டேன். அவிழ்க்கும் கட்டளையோடு ஒரு சிறு கோடும் வி என்ற எழுத்தும் சேர்க்க வேண்டும், அப்போதுதான் அடுத்த துண்டைக் கேட்கும். கேட்டது. கொடுத்தேன். பிறகு அப்பாயியின் குரல் வந்தது. நடுவில் அடுப்பில் ஒரு விறகு வெடிக்கிற சத்தமும் கேட்டது. உன் அத்தை பக்கத்தில் நின்றவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஏறக்குறைய ஐந்து நிமிடம் கிடைத்தது. மூன்றாவது துண்டு வாசிக்கவில்லை.

இனி, கடைக்காரர் சொன்ன "கண்டபடி எழுத்து" விஷயத்துக்கு வருகிறேன். அதே தகரப் பெட்டியில் வேறொரு பிளொப்பி இருந்தது. மேலே தாத்தாவின் கையெழுத்தில் "போனவர்கள்" என்று மட்டும் எழுதியிருந்தார். உள்ளே ஒரே ஒரு பைல், பெயருக்குப் பின்னால் எந்த வகை என்ற அடையாளமே இல்லை. நோட்பேட்டில் திறந்தேன். கிறுக்கல்கள்தான், ஆனால் முதல் இரண்டு எழுத்து பி, கே. அது போதும். 1989இல் ஸிப் என்ற சுருக்கும் வடிவத்தை உண்டாக்கிய பில் காட்ஸின் முதலெழுத்துகள் அவை. இன்றைக்கு நீ செய்கிற ஸிப் பைலின் தலையிலும் அவையே இருக்கின்றன. பெயரை யார் எப்படி மாற்றினாலும் தலையெழுத்து மாறாது. பெயருக்குப் பின்னால் ஸிப் என்று சேர்த்து 7-ஸிப் என்ற மூட்டை அவிழ்க்கும் புரோகிராமில் போட்டேன், திறந்துகொண்டது.

உள்ளே ஒரு வேர்ட் பைல். திறந்தால் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். உன் கடைக்காரர் இந்த இடத்தில்தான் பழுது என்று முடிவுகட்டியிருப்பார். நான் மூன்றாவது வரியிலேயே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று வரிசையாக ஐந்தைக் கண்டேன். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்தவர்களுக்கு அது கண்ணை மூடினாலும் தெரியும். அது "தமிழ்". இப்போதைய யூனிகோட் எழுத்து முறை பரவுவதற்கு முன் நாங்கள் எல்லோரும் எழுதியது பாமினியில்தான். அந்த எழுத்துருவைப் போட்டதும் பக்கம் முழுவதும் தமிழாக நின்றது.

1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தப்படி, இங்கே இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாகவும் 3,00,000 பேருக்கு இங்கே குடியுரிமை கொடுப்பதாகவும் இரண்டு அரசும் பேசி முடித்தன. இந்த எண்கள் பாடப் புத்தகத்தில் உனக்கு வந்திருக்கும். தாத்தா வைத்திருந்தது அதன் மறுபக்கம். எந்த லயத்தில், எந்தக் காம்பரா அறையில் இருந்த யார், எந்த வருடம் தலைமன்னாரில் கப்பலேறினார்கள், கூடலூருக்கா கோத்தகிரிக்கா திருச்சிக்கா போனார்கள், கடைசியாகக் கடிதம் வந்தது எப்போது. 1984இல் கப்பல் நின்றுபோகும் வரை எழுதியிருக்கிறார். சிலருக்கு நேரே "கடிதம் இல்லை". ஒரு பெயருக்கு நேரே "மகளை விட்டுப் போனார், மகள் இங்கே" என்று இருக்கிறது. அந்த மகள் இன்னும் அதே தோட்டத்தில் இருக்கிறார். பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தன் அப்பாவின் பெயரை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அப்பாயியின் பாட்டைத் தாத்தா முதலில் பதிந்தது பிளொப்பியில் அல்ல, உன்னிடம் இருக்கிற அந்த ஹாட் டிஸ்கில். நான் அதிலிருந்துதான் துண்டு போட்டு எடுத்தேன். தாத்தா எதையும் அழிக்கிறவர் இல்லை.

ஆகவே சனிக்கிழமை நீயே போய் பெட்டியைத் திருப்பி வாங்கு. வீட்டில் ஓன் பண்ணிப் பார்க்காதே. விண்டோஸ் 98 எழும்பும்போதே டிஸ்கைச் சரிபார்க்கிறேன் என்று தொடங்கி எதையாவது மாற்றி எழுதும். மின்சாரத்தைக் கழற்றிவிட்டு மூடியைத் திற. அகலமான தட்டை வயர் போகிற உலோகப் பெட்டிதான் ஹாட் டிஸ்க், நான்கு ஸ்க்ரூ. அதை யூ.எஸ்.பி.யில் கொழுவுகிற அடப்டர் என்னிடம் இருக்கிறது. வேறு யாராவது கொழுவிப் பார்த்து, திரையில் "போர்மட் செய்யவா?" என்று கேட்டால் வேண்டாம் என்றே அழுத்தச் சொல். மீதிப் பிளொப்பிகளின் மூலையில் சின்னக் கட்டை ஒன்று இருக்கும், இரண்டு பக்கமும் ஓட்டை தெரிகிற மாதிரி அதைத் தள்ளிவிடு. பிறகு அவற்றில் யாரும் எழுத முடியாது.

இன்னொன்று. ஏஸ் என்று முடிகிற பைல் ஏதும் கண்ணில் பட்டால் மூட்டை அவிழ்க்கிற இன்னொரு புரோகிராமான வின்ராரின் பழைய பதிப்பில் திறக்காதே. அந்த வடிவத்தைத் திறக்கும் பகுதியில் பெரிய பாதுகாப்பு ஓட்டை இருந்தது தெரியவந்து, 2019இல் வின்ராரே அதைக் கைவிட்டது. அப்படியே கொண்டு வா.

வரும்போது டிஸ்கைப் பழைய துவாயில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொள், பஸ்ஸில் மேல் தட்டில் போடாதே. அத்தையையும் வரச் சொல்லியிருக்கிறேன். பாட்டின் கடைசி நிமிடத்தில் மாத்தளைக்கு வந்து சேர்ந்த பிள்ளைகளின் பெயர்கள் வரும் என்கிறாள். அவளுக்கு மூன்று பெயர் நினைவிருக்கிறது. நாலாவது வரவில்லை.

அன்புடன்,
சித்தப்பா
ஹட்டன்