18-ம் தேதிக்கு முன்

அறந்தாங்கி,
4.5.2025, ஞாயிறு இரவு

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. வீட்டில் எல்லோரும் நலம். இன்று கத்திரி தொடங்கிவிட்டது. உன் அறை மேற்குப் பார்த்தது, மத்தியானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து படிக்காதே. தண்ணீர் நிறையக் குடி. நார்த்தங்காய் தீர்ந்துவிட்டதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். அப்பத்தாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது, இப்போது திண்ணைவரை தானே நடந்து வருகிறது.

சாயங்காலம் நீ அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். அம்மா போனை என் பக்கம் நீட்டினாள். அதற்குள் நீ வைத்துவிட்டாய். வார்டன் நேரமாகிவிட்டது என்று சொல்லியிருப்பார், புரிகிறது. போன ஞாயிறும் அப்படித்தான். அதற்கு முந்தின ஞாயிறும். சரி, போனில் பேச நேரம் இல்லாவிட்டால் கடிதம் எழுதலாமே என்று உட்கார்ந்தேன். தபாலில் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும்.

முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தோடு, ஐஐடி சேர்க்கைக்கான உன் ஓபிசி (பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழின் நகல் இருக்கிறது. தேதியைப் பார். ஏப்ரல் 9. இந்த வருஷம் ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதுதான் செல்லும், இது செல்லும். மத்திய அரசுப் படிவம், தாசில்தார் கையொப்பம், உன் பெயர், என் பெயர், இனிஷியல், எல்லாவற்றையும் பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தேன். மூலம் பீரோவில் அம்மாவின் பட்டுப் புடவைக்கு அடியில் இருக்கிறது. இன்னொரு நகல் என் சட்டைப் பையில் இருக்கிறது.

உன் ஜேஇஇ மெயின் தேர்வு மதிப்பெண் பற்றி நான் அன்று கேட்டது தவறு. 98.9 பெர்சன்டைல் என்று நீ சொன்னதும் "இன்னொரு 0.1 எங்கே போச்சு?" என்று கேட்டேன். நீ "சரிப்பா" என்றாய். அதன் பிறகுதான் மூன்று ஞாயிறு. அந்த மதிப்பெண்ணுக்கு என்ன அர்த்தம் என்று கணக்கு வாத்தியாரான எனக்குத் தெரியாதா? பதினான்கு லட்சத்துக்கு மேல் எழுதினார்கள். அதில் உனக்கு முன்னால் ஒரு பதினாறாயிரம் பேர்தான். 18-ம் தேதி நடக்கும் ஐஐடி நுழைவுத் தேர்வான அட்வான்ஸ்டு எழுத இரண்டரை லட்சம் பேரைக் கூப்பிடுகிறார்கள், பொதுப் பட்டியலுக்கு 93.1 போதும். நீ அதைத் தாண்டி எவ்வளவோ தூரம் போய்விட்டாய். பள்ளிக்கூடத்தில் ஐந்தாறு பேரிடம் பெருமையாகச் சொன்னேன். உன்னிடம் மட்டும் அப்படிச் சொல்லவில்லை.

நீல அட்டை நோட்டில் இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். ஒவ்வொரு ஐஐடிக்கும் ஒரு பக்கம், ஓபனிங் ரேங்க், குளோசிங் ரேங்க், பொது, ஓபிசி, பெண்களுக்கான இடம், கவுன்சிலிங்கின் ஒவ்வொரு சுற்றும் தனித்தனியாக. உனக்கு வாய்ப்பு எவ்வளவு என்று தினமும் ராத்திரி ஒரு தடவை பார்ப்பேன். போன வருஷம் அட்வான்ஸ்டில் இரண்டு தாளையும் எழுதியவர்கள் 1,80,200 பேர், ரேங்க் பட்டியலில் வந்தவர்கள் 48,248 பேர், எல்லா ஐஐடியிலும் சேர்த்து இடம் 17,740. நூறு பேர் எழுதினால் பத்துப் பேருக்கு இடம் என்று நானே அம்மாவிடம் சொல்லி அவளைப் பயமுறுத்திவிட்டேன். அப்புறம் யோசித்தால், அந்தக் கணக்கு உனக்குப் பொருந்தாது. அது யாரென்றே தெரியாத ஒரு பிள்ளைக்குப் போடும் கணக்கு. நீ போன வருஷமே அந்த 48,248-க்குள் இருந்தவள். அதிலும் முன் வரிசையில் இருந்தவள்.

குளோசிங் ரேங்கையும் ரொம்ப நம்பாதே. அந்த வருஷம் அந்தத் துறைக்குள் கடைசியாக நுழைந்த பிள்ளையின் ரேங்க் அது. அந்தப் பிள்ளைக்கு முன்னால் இருந்தவர்கள் எதை மேலே போட்டார்கள், எதைக் கீழே போட்டார்கள் என்பதைப் பொறுத்து நகரும். சென்னை ஐஐடியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் 2023-ல் 148-ல் மூடியது, 2024-ல் 159-ல். எல்லோரும் அதற்கே ஓடுவதால் அது அதிகம் நகராது. சிவில் பல ஆயிரங்களில் போய் நிற்கும், ஒரு வருஷத்துக்கு இன்னொரு வருஷம் நூற்றுக்கணக்கில் ஏறி இறங்கும். அதனால் நோட்டில் நான் போட்டிருக்கும் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று நீ பார்க்க வேண்டாம். பார்ப்பது என் வேலை.

முதல் தாள் முடிந்து வெளியே வந்ததும் மதிப்பெண் கூட்டிப் பார்க்காதே. போன தடவை கூட்டிப் பார்த்தாய், மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. பட்டியலுக்குள் வர 360-க்கு 2022-ல் 55 போதுமாக இருந்தது. 2023-ல் 86 ஆனது. போன வருஷம் 109. தாள் கடினமாக இருந்தால் எல்லோருக்கும் கடினம். வெளியே வந்து யார் என்ன சொன்னாலும் காதில் வாங்காதே. தயிர்சாதம் சாப்பிடு, இரண்டரை மணிக்கு உள்ளே போ. கூட்டிப் பார்க்காதே.

திரையில் முதலில் வரும் விதிகளை நிதானமாகப் படி. எந்தக் கேள்விக்கு எவ்வளவு குறையும், எதற்குப் பாதி மதிப்பெண் உண்டு என்பது வருஷா வருஷம் மாறுகிறது. ஷூ போடாதே, சாதாரணச் செருப்பு போதும். அம்மா குலதெய்வம் கோயிலில் கட்டிவிட்ட கயிற்றை முந்தின நாளே கழற்றி வைத்துவிடு. வாசலில் கத்தரிக்கச் சொன்னால் உனக்கு மனசு கஷ்டமாகிவிடும். அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். தண்ணீர் பாட்டில் லேபிள் இல்லாமல், உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி இருக்கட்டும். தண்ணீர் குடி.

போன நவம்பரில் அட்வான்ஸ்டு மூன்று தடவை எழுதலாம் என்று அறிவித்தபோது நான் உன்னை விடச் சந்தோஷப்பட்டேன். இரண்டு வாரத்துக்குள் மறுபடி இரண்டுதான் என்று மாற்றிவிட்டார்கள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இது கடைசித் தடவை என்பதால் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். காரணம் அது இல்லை.

கயலு, போன வருஷம் என்ன நடந்தது என்று நான் உனக்குச் சரியாகச் சொல்லவே இல்லை.

ஜூன் 20 அன்று முதல் சுற்றில் உன் பெயருக்கு நேரே ஐஐடி மெட்ராஸ், சிவில் இன்ஜினியரிங் என்று வந்தது. நீ கத்தியதில் அப்பத்தா விழுந்துவிட்டாயோ என்று பயந்து ஓடி வந்தது. ஐயாவின் ரசமட்டத்தையும் தூக்குக்குண்டையும் பரணிலிருந்து எடுத்துத் துடைத்து மேசைமேல் வைத்தாய். பணம் கட்டினோம், சான்றிதழ்களை ஏற்றினோம். ஓபிசி சான்றிதழின் தேதி பழையது என்று கேள்வி வந்தது. புதியதைக் கெடுவுக்குள் கொடுக்க முடியவில்லை. இடம் போய்விட்டது, உன்னைப் பொதுப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

தேர்தல் வேலையில் தாலுகா அலுவலகத்தில் யாரும் இல்லை, நாம் கொடுத்த மனுவைத் தாமதப்படுத்திவிட்டார்கள் என்று உன்னிடம் சொன்னேன். அம்மாவிடமும் அப்படித்தான் சொன்னேன். சித்தப்பா வந்து கேட்டபோதும் அதையே சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது நடந்தது போல ஆகிவிட்டது.

அவர்கள் தாமதப்படுத்தவில்லை. நான் மனுவே கொடுக்கவில்லை. ஜூன் 21-ம் தேதி வரை கொடுக்கவில்லை.

ஏப்ரலிலேயே எனக்குத் தெரியும். பிளஸ் டூ விடைத்தாள் திருத்தும் இடத்தில், பையனை இரண்டு வருஷத்துக்கு முன் ஐஐடியில் சேர்த்த ஒரு ஆசிரியர் சொன்னார். போன வருஷத்துச் சான்றிதழ் செல்லாது, ஏப்ரல் 1-க்குப் பிறகு புதிதாக வாங்குங்கள், வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மூன்று கை மாறி வர நாளாகும், இப்போதே இ-சேவையில் போட்டுவிடுங்கள் என்றார். மனுவைப் பூர்த்தி செய்து பையில் வைத்துக்கொண்டுதான் அடுத்த நாள் போனேன். அதை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது இன்னொருவர் எட்டிப் பார்த்து, "உங்க பொண்ணுக்குமா சார் கோட்டா வேணும்? அது ஓபன்லயே தட்டிருமே" என்றார். நான் சிரித்தேன். "சும்மா ஒரு பாதுகாப்புக்குத்தான்" என்று சொல்லி மடித்து உள்ளே வைத்தேன். அதன் பிறகு வெளியே எடுக்கவில்லை. தேர்தல் பயிற்சி, தேர்தல் பணி, திருத்தும் பணி என்று எனக்கு நானே நாள் கடத்தினேன். உள்ளே இருந்தது வேறு. என் மகள் பொதுப் பட்டியலிலேயே போவாள், அந்தத் தாள் இல்லாமலே போனாள் என்று நான் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

யார் ஆசைப்பட்டது பார். கொத்தனார் மகன். எனக்கு இந்த வேலை இனச்சுழற்சியில், இடஒதுக்கீட்டில்தான் வந்தது. வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து கார்டு வந்த அன்று ஐயா சாரத்திலிருந்து இறங்கி வந்து, சிமென்ட் கையோடு அதை வாங்கிப் பார்த்தார். அந்தக் கார்டில் இன்னும் அந்தக் கறை இருக்கிறது. சட்டம் போட்டு, வழக்கு நடந்து, ஐஐடியில் நமக்கு 27 சதவீதம் வந்ததே 2008-ல்தான். அதை வாங்கித் தர எத்தனை பேர் எத்தனை வருஷம் பேசினார்கள் என்று வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்கிறவன் நான். என் மகளுக்காக ஒரு மனு கொடுக்க எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு உன் இடத்தைக் கொடுத்துவிட்டேன்.

அதோடு நிற்கவில்லை. நாலாவது சுற்றில் வடக்கே ஒரு புதிய ஐஐடியில் பொதுப் பிரிவில் பெண்களுக்கான இடத்தில் சிவில் வந்தது. "எங்க போனாலும் சிவில்தானேப்பா, நான் போறேன்" என்றாய். நான்தான் விடவில்லை. அதை ஏற்றுக்கொண்டு சேர்ந்துவிட்டால் மறுபடி எழுத முடியாது, கடைசிச் சுற்றுக்கு முன் விலகிவிடலாம், இன்னொரு வருஷம் எழுது, சென்னையே கிடைக்கும் என்று கணக்கெல்லாம் போட்டுக் காட்டினேன். கணக்கு சரிதான். ஆனால் நான் கெடுத்ததை நீ ஒரு வருஷம் உட்கார்ந்து சரி செய்ய வேண்டும் என்று ஏற்பாடு செய்தது நான். நீ "சரிப்பா" என்றாய். அப்போதிருந்து நீ என்னிடம் அந்த ஒரு வார்த்தைதான் பேசுகிறாய்.

உனக்குத் தெரிந்திருக்குமோ என்று சில சமயம் நினைப்பேன். இ-சேவை ரசீதில் தேதி இருக்கிறது, அது மேசை இழுப்பறையில்தான் கிடந்தது. தெரிந்தே பேசாமல் இருக்கிறாயா, தெரியாமலா என்று எனக்குத் தெரியவில்லை. தேர்வுக்குப் பதினான்கு நாள் இருக்கும்போது இதை எழுதலாமா என்று மூன்று ராத்திரி யோசித்தேன். எழுதாமல் விட்டால், போன வருஷம் உன் ரேங்க் போதவில்லை என்ற நினைப்போடு நீ உள்ளே போய் உட்காருவாய். உன் ரேங்க் போதும். உனக்குச் சேர வேண்டிய பட்டியலில் அந்த ரேங்குக்குச் சென்னையில் சிவில் கிடைத்தது, உன் கண்ணால் பார்த்தாய். விட்டது நான்.

அம்மாவிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அடுப்படிக்குப் போய்விட்டாள். ராத்திரி சாப்பாடு போட்டாள்.

இனி நடப்பதைச் சொல்கிறேன். ரேங்க் வந்த பிறகு விருப்ப வரிசையை நீயே போடு. நான் நோட்டைத் தருகிறேன், வேண்டுமென்றால் பார், வேண்டாமென்றால் விடு. எதை மேலே வைப்பது என்று நான் சொல்ல மாட்டேன். திருச்சி என்ஐடியில் பாதி இடம் நம் மாநிலத்தவருக்கு, உன் மெயின் ரேங்குக்கு அங்கே சிவில் வரும் என்றுதான் என் கணக்கு. கிண்டி பொறியியல் கல்லூரிக்கு உன் பிளஸ் டூ கட்-ஆஃப் இருக்கவே இருக்கிறது. அதற்கான பதிவு தொடங்கியதும் நான் விண்ணப்பம் போட்டுவிடுகிறேன், முதல் நாளே. வடக்கே போகிறேன் என்றாலும் போ. ரயிலில் கொண்டுவந்து விடுகிறேன்.

வாடகைக் கட்டடத்தில் பத்து மாதம் அந்தச் சின்ன அறையில் இருந்துவிட்டாய். தம்பி உன் சைக்கிளை ஓட்டுகிறான், பிரேக் சரி பண்ணிக் கொடுத்தேன். ரசமட்டம் இன்னும் நீ வைத்த இடத்தில், மேசைமேல்தான் இருக்கிறது. அம்மா சுற்றித் துடைப்பாளே தவிர எடுக்க மாட்டாள்.

18-ம் தேதி காலை ஏழு மணிக்கே மையத்துக்கு வரச் சொல்வார்கள். நான் முந்தின நாள் ராத்திரியே சென்னை வந்துவிட முடியும். நீ வர வேண்டாம் என்றால் வரவில்லை, அம்மாவும் சித்தப்பாவும் வருவார்கள். அடுத்த ஞாயிறு அம்மாவிடம் சொல்லிவிட்டால் போதும்.

வெயிலில் அலையாதே.

உன்
அப்பா