ஹுன்சாவின் கோப்புகளை வைத்திருப்பவர்களுக்கு

தில்லி, லண்டன், பெய்ஜிங், இஸ்லாமாபாத் நகரங்களின் ஆவணக் காப்பகப் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

மிஸ்கால் என்ற பழைய எடையில் 15 மிஸ்கால் பொற்பொடி. நம் கணக்கில் ஏழெட்டுப் பவுன் தேறும். இன்றைக்கு ஒரு சுமாரான கல்யாணத்துக்கே பற்றாது. இன்றைய பாகிஸ்தானின் வடகோடியில் மலைநாடாக இருந்த ஹுன்சாவின் மன்னர்களான மீர்கள் 1760கள் தொடங்கி, இடையில் விட்டுப்போன சில வருஷங்கள் நீங்கலாக, சீனாவின் மேற்கெல்லை நகரான காஷ்கருக்கு அனுப்பிவந்த கப்பம் அவ்வளவுதான். பதிலுக்குப் பட்டும் தேயிலையும் வந்தன, மலைக்கு அப்பால் தக்தும்பாஷ் புல்வெளியில் ஆடுமாடு மேய்க்கும் உரிமையும் இருந்தது. கப்பம் வாங்கிய பெய்ஜிங் அதை அடிபணிதல் என்று பதிந்துகொண்டது. கொடுத்தவர்களுக்கு அது லாபமான கொடுக்கல் வாங்கல் என்றே எனக்குத் தோன்றுகிறது.

காஷ்மீர் மகாராஜாவுக்கும் பொற்பொடி போனது, கூடவே குதிரையும் வேட்டைநாயும். ஆக, ஒரே ஆற்று மணலில் அரித்த பொன் இரண்டு கஜானாக்களில் இரண்டு உரிமைப் பத்திரங்களாக மாறிவிட்டது! ஆனால் அந்த மக்கள் மனதார வணங்கியது இந்த இரண்டு திசையையும் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஷியா இஸ்லாமின் ஒரு பிரிவான இஸ்மாயிலி வழிக்கு வந்தவர்கள் அவர்கள். அந்த நூற்றாண்டின் பிற்பாதியில் அவர்களுடைய இமாமான ஆகா கான் இருந்தது பம்பாயில். படையோ நிலமோ இல்லாத அவர் எந்த எல்லைத் தகராறிலும் ஒரு தரப்பாகச் சேரவில்லை.

1888இல் ரஷ்யப் படை அதிகாரி குரோம்ப்செவ்ஸ்கி ஹுன்சாவுக்கு வந்துபோனார். மறுவருஷம் ஆங்கிலேயர் யங்ஹஸ்பண்ட் குல்மித்தில் மீர் சப்தர் அலியைச் சந்தித்து, லடாக்கின் லேயிலிருந்து சீனப்பக்கத்து யார்கண்டுக்குப் போகும் வழியில் வணிகர்களைக் கொள்ளையடிப்பதை நிறுத்தச் சொன்னார். அதுதான் என் வருமானம், நிறுத்தவேண்டுமென்றால் ஈட்டுத்தொகை கொடுங்கள் என்பது மீரின் பதில். தந்தையைக் கொன்று பட்டத்துக்கு வந்த இந்த ஆளை நல்லவராக்கிக் காட்ட எனக்கு விருப்பமில்லை. கொள்ளை கொள்ளைதான், பிடிபட்டவர்களை அடிமைகளாக விற்றதும் நடந்தது. ஆனாலும் அந்தப் பதிலில் ஒரு கணக்குப் பிள்ளையின் தெளிவு இருக்கிறது.

1891 டிசம்பர் 2. ஆங்கிலேயப் படை நில்ட் கோட்டையைத் தாக்கியது. அது இருந்தது ஆற்றின் எதிர்க்கரையில், ஹுன்சாவின் பரம வைரியான நாகர் நாட்டின் மண்ணில். பங்காளிச் சண்டையை மறந்து இரு நாட்டாரும் சேர்ந்து நின்றார்கள். ஈயம் போதாததால் கார்னெட் என்ற சிவப்புக் கல்லை உள்ளே வைத்து மேலே ஈயம் பூசிக் குண்டு செய்திருந்தார்கள். ஆங்கிலேயப் படைத்தலைவர் டியூராண்டின் உடம்பில் பாய்ந்தது அப்படி ஒரு குண்டுதான். ஐல்மர் என்ற அதிகாரி வாயிலில் வெடி வைத்தார். திரி அணைந்துபோக, காயத்தோடு திரும்பி ஓடி மறுபடி பற்றவைத்தார். அந்தச் சிறிய போருக்கு, பிரிட்டனின் உயர்ந்த வீரப்பதக்கமான விக்டோரியா சிலுவை மூன்று பேருக்குக் கிடைத்தது. உள்ளே நின்று சுட்டவர்களின் பெயர்களை நான் எங்கும் படித்ததில்லை.

சப்தர் அலி சீன எல்லைக்குள் ஓடிவிட்டார். 1892இல் ஆங்கிலேயர் அவருடைய இடத்தில் நசீம் கானுக்குப் பட்டம் கட்டியபோது சீனத் தூதர்களையும் சபையில் உட்காரவைத்தார்கள். விருந்தாளிகளாக வந்தார்கள் என்றது ஒரு தரப்பு, பட்டம் கட்டியதில் எங்களுக்கும் பங்குண்டு என்றது இன்னொன்று. பொற்பொடியும் நிற்கவில்லை, 1930கள் வரை போய்க்கொண்டிருந்தது.

பிறகு எல்லாம் வேகம். 1947 நவம்பரில் மீர் ஜமால் கான் பாகிஸ்தானோடு சேர்ந்தார். ஹுன்சாவும் ஜம்மு காஷ்மீருக்குள் அடக்கம் என்பது தில்லியின் நிலைப்பாடு. 1963இல் சீனாவும் பாகிஸ்தானும் எல்லை வரைந்துகொண்டு, காஷ்மீர்த் தகராறு தீர்ந்தபின் மறுபடி பேசலாம் என்று ஒரு பிரிவையும் சேர்த்தன. 1974இல் பாகிஸ்தான் பிரதமர் புட்டோ மீராட்சியை ஒழித்தார். அதன்பின் 2009 வரை அந்தப் பிரதேசத்துக்கு அரசுப் பெயர் ‘வடபகுதிகள்’. சொந்த மொழியான புருஷாஸ்கிக்கு உலகில் உறவுமொழியே கண்டறியப்படவில்லை. அப்படிப்பட்டவர்களின் ஊருக்குத் திசையைப் பெயராக வைத்தார்கள். இன்றும் பாகிஸ்தான் தேசிய சபையில் அவர்களுக்கு ஓர் இடம் கிடையாது.

எல்லைக்கோட்டை மாற்றச் சொல்ல நான் யார்? அதைக் கேட்டால் நீங்களும் சிரிப்பீர்கள். நான் கேட்பது நகல்.

மீர்கள் 1945 வரை குடியிருந்த பால்டித் கோட்டை பழுதுபார்க்கப்பட்டு 1996 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. கல்லையும் மரச்சட்டத்தையும் மாற்றி மாற்றி அடுக்கிய சுவர்கள், நில அதிர்வில் வளைந்துகொடுக்கக் கட்டியவை. மொட்டைமாடியில் மீர் சபை கூட்டிய இடத்தில் நின்றால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். ஆனால் அந்த வீட்டைப் பற்றி எழுதப்பட்ட கடிதங்கள் உங்கள் நால்வரிடமும் சிதறிக் கிடக்கின்றன. ஹுன்சாவின் கரீமாபாத்தில் படிக்கிற ஒரு பெண் தன் ஊர்க் கோப்பைத் தில்லியில் போய்ப் பார்க்க விசா கிடைக்கும் என்று உங்களில் யாராவது உறுதி சொல்ல முடியுமா?

கப்பப் பதிவுகள், எல்லைக் கடிதங்கள், 1947இன் இணைப்புச் செய்தி ஆகியவற்றை ஸ்கேன் செய்து பால்டித்துக்கு அனுப்புங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்கவில்லை. முதலில் 1892 பட்டமேற்புக் கோப்பு வரட்டும், லண்டன் பிரதியும் பெய்ஜிங் பிரதியும் ஒன்றாக.