பெத்ரியின் கால்களும் நம் பிள்ளைகளின் கால்களும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

பார்சிலோனா உதைபந்தாட்ட அணியின் நடுக்கள வீரர் பெத்ரியைப் பற்றி எங்கள் பகுதிப் பையன்கள் வாய் ஓயாமல் பேசுகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அவருடைய தொடக்க காலத்தை முதலில் கவனிக்க வேண்டியவர்கள் நம் பயிற்றுநர்கள்.

கனேரித் தீவுகளில் பிறந்தவர். 16 வயதில் லாஸ் பால்மாஸ் அணிக்காக ஸ்பெயினின் இரண்டாம் பிரிவில் ஆடத் தொடங்கினார். 2020இல் பார்சிலோனா. அடுத்த வருடம் ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோ கிண்ணம், அது முடிந்த கையோடு டோக்கியோ ஒலிம்பிக். ஒரே பருவத்தில் 70க்கும் மேற்பட்ட ஆட்டங்கள், வயதோ 18! யூரோவின் சிறந்த இளம் வீரர் விருதும் கிடைத்தது. அப்புறம்? தொடைத் தசைக் காயம் திரும்பத் திரும்ப வந்து மாதக்கணக்கில் வெளியே உட்காரவேண்டி வந்தது.

தடுக்கவும் முன்னேறவும் ஓயாமல் ஓடுபவர் நடுக்கள வீரர். அண்மையில் கொழும்பு வடக்கில் ஒரு மைதானத்தில், காலையில் 17 வயதுப் பிரிவில் முழு ஆட்டமும் ஆடிய பையனைப் பின்னேரம் 20 வயதுப் பிரிவிலும் இறக்கினார்கள். இடைவேளையில் பொலித்தீன் பையில் ஐஸ் போட்டுத் தொடையில் அழுத்திக்கொண்டிருந்தான். விசில் ஊதியதும் எழும்பி ஓடினான். பார்க்கவே மனம் பதறியது. கெட்டிக்காரன் என்பதற்காகவா இந்தத் தண்டனை?

ஒரே நாளில் ஒரு பிள்ளை இரண்டு ஆட்டங்களில் ஆடுவதைப் பாடசாலைப் போட்டிகளை நடத்துவோர் தடைசெய்ய வேண்டும். அடுத்த பருவத்துக்கு முன்பே இதைச் செய்யலாம்.

வாசகர் ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13